‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதிவிட்டால் முடிந்ததா?
வாசகர் கேள்வி – பதில்

நகரத்து வார்டுகளின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் கூடி, தங்கள் தேவைகளை அதிகாரிகள் முன் பேசும் பகுதி சபைக் கூட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் நிறையக் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். நகராட்சிப் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பின், இப்போது மேசைக்கு எதிர்ப்பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து அதே கூட்டங்களுக்குப் போய்வருபவன் என்ற முறையில், அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கிராம சபை எங்களுக்குத் தெரியும். நகரத்தில் இந்தப் பகுதி சபை திடீரென எங்கிருந்து வந்தது? இதற்குச் சட்ட அடிப்படை உண்டா, அல்லது அரசு நடத்தும் இன்னொரு நிகழ்ச்சியா?
(குரோம்பேட்டை வாசகர்)

பதில்: சட்ட அடிப்படை உண்டு, திடீரென வந்ததும் அல்ல. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் கிராமத்து வாக்காளர் அனைவரையும் கொண்ட கிராம சபையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தமோ, 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. ஆகவே கிராமத்தில் இருக்கும்போது எழுந்து நின்று கணக்குக் கேட்க உரிமை பெற்றிருந்த ஒருவர், பிழைப்புக்காக நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் அந்த உரிமையை இழந்தார். 2005இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், நிதி வேண்டுமானால் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்று மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்தது. தமிழ்நாடும் 2010இல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அதைச் செயல்படுத்துவதற்கான விதிகள் 2022 ஜூன் மாதத்தில்தான் வெளியாயின. இடையில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நம் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லாமல், தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, உங்களுக்கு அருகிலுள்ள பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போயிருக்கக்கூடும், நாற்காலி கிடைத்திருக்காது.

கேள்வி: மூன்று கூட்டங்களுக்குப் போய்விட்டேன். எங்கள் தெரு முனையில் எரியாத விளக்கைப் பற்றி மூன்று முறையும் பேசினேன். மூன்று முறையும் அதிகாரி ‘ஆவன செய்யப்படும்’ என்றார். விளக்கு எரியவில்லை. இந்தக் கூட்டங்களால் பயன் உண்டா?
(திருச்சி வாசகி)

பதில்: ‘ஆவன செய்யப்படும்’ என்பது இலக்கணப்படி குற்றமற்ற தொடர், நிர்வாகப்படி வெற்றுத் தொடர். அதில் செய்பவர் யார் என்பது இல்லை, எப்போது என்பது இல்லை, எது ஆவது என்பதும் இல்லை. பணியில் இருந்தபோது நானும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்ன மறுகணமே மனம் அடுத்த மனுவுக்குப் போய்விடும் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற பின் நான் குடியிருக்கும் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். மாணவர் விடுதிக்கு எதிரே மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடந்தது. பதினைந்து பேர் அதைப் பற்றியே பேசினோம். அதிகாரிகளும் பொறுமையாகத் தலையசைத்தார்கள். நான்கு மாதம் கழித்து நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்கிப் பார்த்தபோது, எங்கள் பதினைந்து பேரின் பேச்சும் ‘வடிகால் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது’ என்ற ஒரே வரியில் அடங்கியிருந்தது. விவாதித்ததை எவரும் மறுக்கவில்லை. ஆனால் விவாதத்துக்குச் செலவு மதிப்பீடு தயாரிக்க முடியாது, பணி ஆணை வழங்க முடியாது, பில் போட முடியாது. அடுத்த கூட்டத்தில் நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு, ‘இன்ன தெருவில் இன்ன கதவு எண்ணுக்கு எதிரே உள்ள வடிகாலின் மூன்று மூடிகளை இன்ன தேதிக்குள் மாற்ற வேண்டுமெனத் தீர்மானிக்கப்படுகிறது’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், கூட்டம் முடிவதற்கு முன்பே அதை உரக்கப் படித்துக் குறிப்பேட்டில் அப்படியே பதியச் சொன்னோம். எழுதிக்கொண்டிருந்த இளநிலை உதவியாளர் ஒருமுறை உதவிப் பொறியாளரின் முகத்தைப் பார்த்தார். அவர் சற்று யோசித்து, தேதியை மட்டும் பத்து நாள் தள்ளிப்போடச் சொன்னார். அந்தப் பத்து நாள் பேரம்தான் எங்களுக்கு நம்பிக்கை தந்தது. செய்யும் எண்ணமில்லாத அதிகாரி தேதிக்குப் பேரம் பேசமாட்டார்.

ஆகவே உங்கள் விளக்கைப் பொறுத்தவரை, அடுத்த முறை விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். ‘தெரு முனை விளக்கு’ என்றால் எந்த முனை என்று தேடுவதற்கே ஒரு வாரம் போகும். கம்ப எண் இருந்தால் அதே மாலையில் ஆள் அனுப்ப முடியும். கூட்டம் முடிந்தபின் நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. எரியாத ஒரு விளக்குக்காக இத்தனையா என்று உங்களுக்குச் சலிப்பு வருவது நியாயம்தான். கூட்டம் வரை காத்திராமல் மாநகராட்சியின் புகார் எண்ணுக்குச் சொல்லிப் பதிவு எண் வாங்கி வைத்துக்கொண்டால், கூட்டத்தில் புகாராகப் பேசாமல், முடிக்கப்படாத பதிவு எண்ணைக் காட்டிக் கணக்குக் கேட்கலாம். இரண்டுக்கும் அதிகாரியின் முகத்தில் தெரியும் வேறுபாட்டை நீங்களே பார்ப்பீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலில் கழிவுநீர் ஓடுகிறது. கூட்டத்தில் கேட்டால் மாநகராட்சிப் பொறியாளர் ‘அது குடிநீர் வாரியத்தின் வேலை’ என்கிறார். வாரியத்தாரைக் கேட்டால் ‘வடிகால் மாநகராட்சியுடையது’ என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?
(வேளச்சேரி வாசகர்)

பதில்: இருவர் சொல்வதும் உண்மை என்பதுதான் உங்கள் துன்பம். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் சொத்து. பாதாளச் சாக்கடையும் குடிநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டாலோ, அந்த இணைப்பே இல்லாத வீட்டுக்காரர் இரவோடு இரவாக ஒரு குழாயை வடிகாலில் சொருகிவிட்டாலோ, வாரியத்தின் கழிவு மாநகராட்சியின் வடிகாலில் ஓடும். வடிகாலைத் தூர்வாரும் செலவு ஒருவருடையது, அடைப்பை எடுக்கும் இயந்திரம் மற்றவருடையது, சட்டவிரோத இணைப்பைத் துண்டிக்கும்போது வாங்கிக்கட்டிக்கொள்ளும் வசவை இருவருமே விரும்புவதில்லை.

இங்கேதான் கூட்டத்துக்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது. மனு கொடுத்தால் அது ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் இருவரும் ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்திருப்பார்கள். ஆனால் வாரியத்தின் பகுதிப் பொறியாளர் தானாக வந்துவிடமாட்டார். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே, உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில், வார்டு குழுவின் தலைவரான மாமன்ற உறுப்பினருக்கு எழுதி, வாரியத்தாரையும் அழைக்குமாறு கேளுங்கள். மின்கம்பி தாழ்வாகத் தொங்கினால் மின் பகிர்மானக் கழகத்தாரையும், சிக்னல் கோளாறு என்றால் போக்குவரத்துக் காவலரையும், ஏரிக்கரை என்றால் நீர்வளத் துறையினரையும் இப்படியே அழைக்கச் சொல்ல வேண்டும். வந்த பின் அவர்களிடம் ‘பொறுப்பு யாருடையது?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் இருபது நிமிடம் பதில் சொல்லுவார்கள். ‘இருவரும் சேர்ந்து எந்தக் கிழமை தெருவுக்கு வருகிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். கூட்டு ஆய்வுக்குத் தேதி குறிக்கப்பட்டுவிட்டால், அன்று தெருவில் பத்துப் பேராவது நிற்க வேண்டும். உங்கள் தெருவிலேயே வடிகாலில் குழாய் சொருகியவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று அதைச் சொல்லும் துணிவும் வேண்டியிருக்கும்.

சென்னைக்கு வெளியே பல நகராட்சிகளில் குடிநீரும் சாக்கடையும் நகராட்சியிடமே இருப்பதால், அங்கே இந்தச் சாக்குச் செல்லாது.

கேள்வி: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் எங்கள் வீடு தாழ்ந்துகொண்டே போகிறது. தாத்தா காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். சபையில் இதைத் தடுக்க முடியுமா?
(மதுரை வாசகர்)

பதில்: முடியும், ஆனால் சாலை போடும் இயந்திரம் தெருவுக்குள் வந்த பிறகு முடியாது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேல் சாலையை உயர்த்தக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருக்கிறார். அதை மீறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மதிப்பீட்டில் இருக்கும்: சுரண்டுவதற்கான தொகையை மதிப்பீட்டிலேயே சேர்க்காமல் விட்டிருந்தால், ஒப்பந்தக்காரர் தம் கைக்காசைச் செலவழித்துச் சுரண்டமாட்டார். எனவே ‘எங்கள் தெருவுக்கான மதிப்பீட்டில் மில்லிங் (சுரண்டும் வேலை) சேர்க்கப்பட்டிருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் ஆழம்?’ என்று ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னரே கேட்டுப் பதிலைப் பதிவு செய்யுங்கள். வேலை நடக்கும் நாளன்று உங்கள் வாசற்படியிலிருந்து சாலை மட்டத்தை ஓர் அளவுநாடாவால் அளந்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பொறியாளராக இருந்தபோது இப்படி நாடாவோடு நிற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் நின்ற தெருக்களில் மட்டும் வேலை ஒழுங்காக நடந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

கேள்வி: நான் வாடகைக்கு இருப்பவள். வாக்காளர் அட்டை இன்னும் திருநெல்வேலி முகவரியிலேயே இருக்கிறது. கூட்டத்தில் பேச எழுந்தபோது சொந்த வீட்டுக்காரர் ஒருவர் ‘நீங்கள் எத்தனை நாள் இங்கே இருக்கப்போகிறீர்கள்?’ என்றார். எனக்குப் பேச உரிமை இல்லையா?
(கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அவர் கேட்ட கேள்வி முறையற்றது. வீட்டுக்காரர் கட்டும் சொத்துவரி உங்கள் வாடகைக்குள் இருக்கிறது; நீங்கள் போடும் குப்பையை அதே வண்டிதான் அள்ளுகிறது. பகுதி சபை என்ற எண்ணத்துக்கு முன்மாதிரியாக ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய நகர ராஜ் மாதிரிச் சட்ட வரைவு வாக்காளர் பட்டியலைத்தான் அடிப்படையாகக் கொண்டதே தவிர, சொத்துப் பத்திரத்தை அல்ல. ஆகவே அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள் சொல்லக்கூடிய சிறந்த பதில், படிவம் 8ஐ நிரப்பி உங்கள் வாக்கை இப்போது வசிக்கும் முகவரிக்கு மாற்றிக்கொள்வதுதான். அது வரும்வரை பேசாமல் இருக்க வேண்டுமென்பதில்லை, பேசுங்கள். ஓராண்டு மட்டும் குடியிருப்பவர்கள்தான் பல நேரங்களில் நாற்பது ஆண்டு குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதவற்றைக் காண்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வார்டின் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்பவர் அவருடைய கணவர். என்ன செய்வது?
(ஊர் குறிப்பிட விரும்பாத வாசகர்)

பதில்: தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு செய்தது, கணவர்கள் மைக் பிடிப்பதற்காக அல்ல. அந்தக் கணவரோடு சண்டையிட வேண்டாம். ‘அம்மா, உங்கள் பதிலைக் கேட்க விரும்புகிறோம்’ என்று கவுன்சிலரை நோக்கி மட்டும் கேள்வியைக் கேட்டுவிட்டு, கணவர் பதில் சொல்லும்போது அமைதியாக இருந்து, முடிந்ததும் அதே கேள்வியைக் கவுன்சிலரிடமே மறுபடி கேளுங்கள். இரண்டாவது முறை அவரே பேசிவிடுவார். நான் பார்த்த ஓரிடத்தில் கணவரைவிட அவருக்குத்தான் தெருக்களின் பெயர்கள் சரியாகத் தெரிந்திருந்தன.

கேள்வி: முகாம்களில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கிறது, பதிலும் வருகிறது. கூட்டத்தில் கத்திப் பேசுவதைவிட அதுவே மேல் அல்லவா?
(சிதம்பரம் வாசகர்)

பதில்: உங்கள் ஊரில்தான் 2025 ஜூலை 15 அன்று மனு வாங்கும் ‘உங்களுடன் ஸ்டாலின்’ அரசு முகாம்கள் தொடங்கின, அதனால் உங்களுக்கு அந்த அனுபவம் முன்னதாகவே கிடைத்திருக்கும். பட்டா மாறுதல், ஓய்வூதியம், குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு போன்றவற்றுக்கு முகாமும் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளும்தான் சரியான இடங்கள். அவை உங்கள் ஒருவரின் காரியங்கள். ஆனால் நகராட்சியிடம் ஓராண்டில் இரண்டு தெருவுக்குத்தான் பணம் இருக்கிறது, கேட்பவை ஐந்து தெருக்கள் என்னும்போது, எந்த இரண்டு என்பதை எந்த மனுவும் தீர்க்காது. ஐந்து தெருக்காரர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசித்தான் தீர்க்க முடியும். சென்னை மாநகராட்சியின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்குமான வார்டு மேம்பாட்டு நிதி 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு வார்டின் பள்ளங்கள் அனைத்துக்கும் அது போதாது. ஆகையால்தான் வரிசை முக்கியமாகிறது. அந்த வரிசையை நிதிநிலை அறிக்கை தயாராவதற்கு முன், அதாவது குடியரசு நாளையொட்டி நடக்கும் கூட்டத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஏப்ரலில் கேட்டால் அடுத்த ஆண்டு என்பார்கள். அந்தப் பதிலில் பொய்யும் இருக்காது.

கேள்வி: எங்கள் சாலையோர மீன்கடைகளை அகற்றக் கோரிப் பகுதி சபையில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். அதிகாரிகள் செயல்படுத்த மறுக்கிறார்கள். சபையின் தீர்மானத்துக்கு மதிப்பில்லையா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: இந்த ஒன்றில் நான் அதிகாரிகள் பக்கம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது. கடை எங்கே இருக்கலாம் என்பதைப் பரிந்துரைப்பது நகர விற்பனைக் குழுவின் வேலை. அந்தக் குழுவின் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. அங்கே போய்ப் பேசுங்கள். ‘ஒருமனதாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று பந்தலில் மீன் விற்பவர்களில் ஒருவராவது இருந்தாரா? கழிவுநீர் சாலையில் வழிகிறது, செதில் சிதறிக் கிடக்கிறது என்பவை உங்கள் உண்மையான குறைகள் என்றால், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவுநீர்த் தொட்டி, மாலையில் ஒரு குப்பை வண்டி என்று கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அதை மறுப்பதற்கு அதிகாரிகளிடம் சட்டம் இல்லை.

கேள்வி: இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் தெருநாய்களைப் பற்றியே சண்டை. வேறு எதுவும் பேச முடிவதில்லை. வழி உண்டா?
(அண்ணா நகர் வாசகி)

பதில்: நாய்களை ஒட்டுமொத்தமாகப் பிடித்துக்கொண்டு போகச் சொல்பவர்களுக்கும் எதையுமே தொடக் கூடாது என்பவர்களுக்கும் சபை தரக்கூடியது ஒன்றுமில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றின்மீது 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையும், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது, உணவிடுவதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பவற்றை அங்கே திருப்பி விடக் கூடாது என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பகுதியில் உணவிடும் இடம் எது என்ற ஒரே கேள்வியை மட்டும் பதினைந்து நிமிடத்துக்கு நிகழ்ச்சிநிரலில் வையுங்கள். அதையும் கடைசியில் வையுங்கள்.

கேள்வி: உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதையெல்லாம் செய்துவிட்டோம் என்று கூட்டந்தோறும் ஒருவர் பேசுகிறார். அங்கே நடந்தது பகுதி சபைதானா?
(காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: ஒப்பிடலாம், கொஞ்சம் தயக்கத்தோடு. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத்தான் அவர் சொல்கிறார். முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, குடவோலை முறையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலான குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த விதம் அவற்றில் துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அது பிராமணர் குடியிருப்பான சதுர்வேதிமங்கலத்தின் மகாசபை. வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35 முதல் 70 வரையிலான வயதும், வேதக் கல்வியும் வேண்டும். கோயம்புத்தூர் வாடகை வாசகிக்கு அங்கே பந்தலுக்குள் நுழையவே வழியிருந்திருக்காது.

இருந்தாலும் கூட்டந்தோறும் பேசும் உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். பெருமையாகச் சொல்வதற்குக் குடவோலையைக் காட்டிலும் அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் மறுபடி குடத்தில் இடப்படக் கூடாது என்று யார் யார் உறவினர் என்பது வரை விரிவாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர் உத்திரமேரூரைத் தொடங்கும்போது, அந்த வரியையும் சேர்த்துப் படித்துவிட்டு, சென்ற ஆண்டு உங்கள் வார்டுக்கு ஒதுக்கிய நிதியின் கணக்கை மேசையில் வைக்கும்படி அவரையே கேட்கச் சொல்லுங்கள்.